நுவரெலியாவைக் கடைசியில் பாருங்கள்

சித்திரை பிறந்தால் நுவரெலியாவுக்குள் வாகனம் நகராது. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, மோட்டார் பந்தயம், வீதியோரத் தற்காலிகக் கடைகள் என்று நகரம் முழுக்க ‘சீசன்’ களைகட்டியிருக்கும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருந்து வேன் பிடித்து வருகிறவர்கள் கிரகரி வாவியில் படகுச் சவாரி, விக்டோரியா பூங்காவில் ஒரு சுற்று, சிவப்புத் தபாற்கந்தோர் முன்னால் குடும்பப் படம், சீதையம்மன் கோயிலில் அர்ச்சனை, இறங்கும் வழியில் லீக்ஸும் கரட்டும் என்று முடித்துக்கொள்கிறார்கள். ஊர் போனதும் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால், ‘நல்ல குளிர்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

குளிரைக் குறை சொல்ல முடியாது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அந்தக் குளிருக்காகத்தான் வெள்ளைக்காரர்கள் அங்கே நகரமே கட்டினார்கள். ஆனால் நுவரெலியா அவர்கள் ஓய்வெடுத்த ஊர். காசு பிறந்தது சுற்றியுள்ள மலைகளில். சம்பாதித்த இடத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் செலவழித்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘மலையகம் பார்த்தாயிற்று’ என்று சொல்லிவிடுகிறோம். வழியை மாற்றிப் போங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வந்தது. கம்பளையில் தொடங்கி, ஹட்டனில் தங்கி, டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா சுற்றி, ரயிலேறி நானுஓயாவில் இறங்கி, நுவரெலியாவைக் கடைசியில் பாருங்கள். மூன்று நாள் தாராளமாகப் போதும்.

லயத்தில் ஒரு அருங்காட்சியகம்

கண்டி, ஹந்தானையில் இலங்கைத் தேயிலை அருங்காட்சியகம் இருப்பது பலருக்குத் தெரியும். 1925இல் கட்டிய தொழிற்சாலையைப் புதுப்பித்து 2001இல் திறந்தார்கள். இயந்திரங்கள், தேயிலைத் தோட்டக்காரர் ஜேம்ஸ் டெயிலரின் நினைவுப் பொருட்கள் எல்லாம் அங்கே உண்டு. தேயிலையின் கதை அங்கே கிடைக்கும். கொழுந்து பறித்தவர்களின் கதை வேண்டுமானால் கம்பளைக்கு அருகிலுள்ள பாரதெக்கவுக்குப் போகவேண்டும். தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் 2007இல் அங்கே தொடங்கப்பட்டது. கட்டடமே தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த ஒரு பழைய லயம்.

காட்சிக்கு வைத்த பொருட்களை விட அந்த அறையின் அளவைத்தான் முதலில் கவனிக்கவேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் இஸ்தோப்பு. பிள்ளை பெற்றதும், பெண்ணைக் கட்டிக்கொடுத்ததும், பிணத்தைக் கிடத்தியதும் இந்த ஒரே அறையில்தான். இரண்டு பேர் கையை விரித்து நின்றால் சுவரோடு சுவர் தொட்டுவிடும். கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, அம்மி, தப்பு என்று பொருள்களைப் பார்த்துக்கொண்டே வரும்போது ஒன்று உறைக்கும். இவற்றில் பல இன்றும் மலையக வீடுகளில் புழக்கத்தில் இருக்கின்றன.

இந்த மக்களின் வருகை 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தொடங்கியது. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து கங்காணிமார் திரட்டி வந்த சனங்கள் மன்னாரில் கரையேறி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கொள்ளைநோயிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அந்தப் பாதையை நினைவுகூர்ந்து 2023இல் ‘மலையகம் 200’ நிகழ்வின்போது தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள். கங்காணியிடம் பட்ட கடனைக் காட்டும் ‘துண்டு’ கையிலிருக்கும் வரை தோட்டம் மாற முடியாது என்ற முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

பாரதெக்கவிலிருந்து ஹேவாஹெட்டப் பக்கம் போக நேரம் இருந்தால் லூல்கந்துரத் தோட்டத்தையும் பார்க்கலாம். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட இடம் அதுதான். இரண்டு ஆண்டில் கோப்பி இலையில் துரு நோய் விழ, கோப்பி அழிந்து தேயிலை எழுந்தது. அதே ஹேவாஹெட்டவின் முல்லோயாத் தோட்டத்தில்தான் 1940 ஜனவரி 10 அன்று, கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். மலையகம் இன்றும் அந்தத் தேதியில் தன் தியாகிகளை நினைக்கிறது. சுற்றுலாக் கையேடுகள் லூல்கந்துரவுக்கு வழி சொல்லும். முல்லோயாவுக்கு நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஹட்டன் மேடை

ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884இல், நானுஓயாவுக்கு அடுத்த ஆண்டு. துரைமார் தேயிலைப் பெட்டியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கவே இந்தப் பாதை. இன்று உலகெங்கிலும் இருந்து வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் கதவில் தொங்கிப் படம் எடுக்கும் ரயிலும் இதே பாதையில்தான் போகிறது.

ஹட்டன் நிலையத்தில் இறங்கியதும் வெளியே ஓடிவிடாதீர்கள். அந்த மேடையே ஒரு நினைவுச்சின்னம், பலகைதான் இல்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சப் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அதன்பின் ஆண்டுக்கணக்காக இந்த மேடைகளிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தலைமன்னார் ரயிலேறி, கப்பலில் இராமேஸ்வரம் போனார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே. போனவர்களில் பலர் நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும், திரும்பவும் தேயிலைக்கே வந்து சேர்ந்தார்கள். தமிழ்நாட்டு அரசின் ‘டான்டீ’ தோட்டங்கள் 1968இல் அவர்களுக்காகவே தொடங்கப்பட்டவை. தமிழ்நாட்டிலிருந்து வருகிற வாசகர் யாரேனும் கூடலூர்க்காரர் என்றால், இந்த மேடையைப் பற்றித் தாத்தாவிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

நகரம் ஒரு மலை முதுகில் நீளமாகக் கிடக்கிறது. மாணிக்கப் பிள்ளையார் கோயில், பஸ் ஸ்டாண்ட், தங்கக்கடைகள், மரக்கறிச் சந்தை. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடக்க இடமிருக்காது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1931இல் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியது இந்த ஊரில்தான். அந்நியர் தோட்டத்துக்குள் காலடி வைத்தாலே அத்துமீறல் என்று வழக்குப் போட்ட காலம் அது. அவர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் நுழைந்தார். மனைவி மீனாட்சியம்மாள் தெருக்களில் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தார். நடேசய்யர் பின்னர் 1936 முதல் ஹட்டன் தொகுதிக்கு அரசாங்க சபை உறுப்பினராகவும் இருந்தார். 1947இல் காலமானார்.

ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர். 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினர். அடுத்த ஆண்டே அவரைத் தேர்ந்தெடுத்த மக்களின் குடியுரிமை போய்விட்டது. பின்னர் அவர் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொகுத்த மலைநாட்டுப் பாடல்கள் இன்று ஆய்வாளர்களுக்கு மூலதனம். இவருடைய ஊர் எங்கே என்று கேட்டால் வேன் ஓட்டுநர்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. டெயிலரின் தோட்டத்தைக் கேட்டால் உடனே வண்டியைத் திருப்புகிறார்கள்.

கல்லறைகளும் மூழ்கிய கோயிலும்

ஹட்டனிலிருந்து டிக்கோயா பக்கம் இறங்கும் பாதைதான் இந்தப் பயணத்தின் நெஞ்சுப்பகுதி. ஒரு வளைவில் திரும்பியதும் கீழே காசல்ரீ நீர்த்தேக்கம் விரிகிறது. அதன் மேட்டில் 1878இல் கட்டிய வோர்லி தேவாலயம். சின்னக் கற்கட்டடம், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், பழைய ஓர்கன், சுற்றிலும் துரைமாரின் கல்லறைகள். பெயர், பிறந்த ஊர், இறந்த தேதி எல்லாம் செதுக்கியிருக்கிறது. பலர் இளம் வயதிலேயே போயிருக்கிறார்கள். அவர்களுக்காக இரங்குவதில் தவறில்லை. அதே மலைகளில் செத்த கூலிக்காரர்களுக்குக் கல் நடப்படவில்லை. அவர்கள் மேல் தேயிலை நின்றது.

பொகவந்தலாவைக்குப் பஸ்ஸில் போய், புனித மரியாள் தேவாலய வளவைப் பாருங்கள். உலகப் புகைப்படக் கலை வரலாற்றில் தவிர்க்க முடியாத ஜூலியா மார்கரட் கமரன் அடங்கியிருப்பது இங்கேதான். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதில் கமெராவைக் கையில் எடுத்து, டார்வினையும் டெனிசனையும் ஹெர்ஷலையும் படம்பிடித்துப் புகழ்பெற்றார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரனுக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள். 1875இல் இருவரும் இங்கிலாந்தை விட்டு இங்கே குடிவந்தபோது தங்களுக்கான சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றி வந்தார்கள் என்று ஒரு கதை பரவலாக உண்டு. கோப்பி நோயில் தோட்டம் சரிந்தது. 1879இல் டிக்கோயாவில் அவர் இறந்தார். மறு ஆண்டு கணவரும் போய்ச் சேர்ந்தார்.

அவர் இலங்கையில் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியிருக்கின்றன. தொழிலாளர்களும் கிராமத்தவர்களும் நேராக நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கும் படங்கள். களுத்துறையில் 1878இல் எடுத்த ஒன்றில் இரு ஆண்களும் ஒரு பெண்ணும் நிற்பார்கள். இங்கிலாந்தில் எடுத்த படத்துக்குக் கீழே டார்வின் என்று எழுதினார். இந்த மூவருக்கும் ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்றுதான், பெயர் இல்லை. ஒளியை அப்படிக் கையாண்ட கைக்கு ஒரு பெயரைக் கேட்டு எழுத நேரமில்லாமல் போயிற்றா என்று அந்தக் கல்லறை முன் நிற்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அந்த முகங்களை வேறு யாரும் அத்தனை கண்ணியத்தோடு எடுக்கவில்லை என்பதும் உண்மை.

அங்கிருந்து மஸ்கெலியா. மவுசாகலை நீர்த்தேக்கம் 1969இல் நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போய்விட்டது. இன்றைய நகரம் மேட்டில் புதிதாகக் கட்டியது. மழை பொய்த்து நீர் இறங்கும் ஆண்டுகளில் பழைய சண்முகநாதர் கோயிலும் பள்ளிவாசலும் பௌத்த விகாரையும் சேற்றுக்குள்ளிருந்து வெளியே வரும். அப்போது சனம் நடந்துபோய்ப் பார்க்கும். கோயிலில் கற்பூரம் கொளுத்துவதும் உண்டு. தோட்டத்து மலைகளுக்கு நடுவே மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகள் இவை. பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கண்ட நீர்மின் கனவு லக்ஷபானவில் 1950இல்தான் நனவானது. நாடு முழுக்க விளக்கெரிந்து வெகுகாலம் சென்றும், அணைக்கு மேலேயுள்ள லயங்களில் குப்பி விளக்குத்தான் எரிந்தது.

மஸ்கெலியாவுக்கு அப்பால் நல்லதண்ணி. அங்கிருந்து 2,243 மீற்றர் உயரச் சிவனொளிபாதமலைக்கு ஏறலாம். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியில் முடியும் பருவத்தில் இரவு முழுக்கப் படிகளில் விளக்கெரியும். நமக்குச் சிவன், பௌத்தருக்குப் புத்தர், முஸ்லிம்களுக்கு ஆதம். உச்சியில் இருப்பது ஒரே பாதம். 1344இல் இபன் பதூதா இந்த மலைக்கு வர விரும்பியபோது யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி பல்லக்கும், வழிகாட்ட யோகிகளும், சுமை தூக்க ஆட்களும் கொடுத்து அனுப்பியதாக அந்தப் பயணியே எழுதி வைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து மலையகச் சுற்றுலா வருவது அப்படிப் பார்த்தால் புதிய பழக்கம் இல்லை.

சிங்கமலைக்கு அப்பால்

ஹட்டனிலிருந்து நானுஓயாவுக்குக் காலை ரயில் பிடியுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடுவது அடிக்கடி நடக்கும், நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டாம் வகுப்பு, சன்னலோரம். வடைக்காரர் ஏறியதும் பெட்டி முழுக்க எண்ணெய் வாசம். பழைய கொப்பித் தாளில் சுற்றிய கடலை வடையும் காய்ந்த மிளகாயும் கொடுப்பார். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கம், 562 மீற்றர், நெடுங்காலம் நாட்டிலேயே நீளமான ரயில் சுரங்கமாக இருந்தது. இருட்டில் பொடியன்கள் போடும் கூச்சலைக் காதைப் பொத்திக்கொண்டு பொறுத்துக்கொள்ளவேண்டும்.

வெளியே வந்ததும் பள்ளத்தாக்கின் மறுபுறம் டெவோன் நீர்வீழ்ச்சி, 97 மீற்றர். அடுத்து, 80 மீற்றரில் அகன்று விழும் சென்கிளயர். மேல் கொத்மலைத் திட்டத்துக்கு 2012இல் தண்ணீரைத் திருப்பியபின் சென்கிளயரின் முழுவீச்சு போயிற்று. பார்வையாளருக்காகப் பகலில் தண்ணீர் விடுகிறார்கள், அதாவது அந்த அருவிக்கு இப்போது வேலை நேரம் உண்டு.

தலவாக்கலையில் இறங்கினால், 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் சென்கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. ஏதாவது ஒரு தொழிற்சாலையை உள்ளே போய்ப் பாருங்கள், தோட்டத்தார் ‘ஸ்டோர்’ என்பார்கள். மேல்மாடியில் நீண்ட தொட்டிகளில் கொழுந்தை வாட்டப் போட்டிருப்பார்கள். கீழிருந்து காற்று ஊதும். கையில் அள்ளினால் துணி மாதிரி துவண்டு கிடக்கும், ஒடியாது. அந்தப் பதம் வந்ததும் உருளைக்குப் போகும். நசுங்கிய இலை செம்பு நிறத்துக்குத் திரும்பும்வரை புளிக்கவிட்டு, அடுப்பில் உலர்த்தி, சலித்துத் தரம் பிரிப்பார்கள். நான்கு ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து போட்டால் ஒரு கிலோ தூள் தேறும். சலித்து நல்லதெல்லாம் ஏலத்துக்குப் போனபின் அடியில் தங்கும் தூளில்தான் லயத்துச் சாயத்தண்ணி ஊற்றப்படுகிறது.

வீதியோர மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களைப் பார்த்ததும் வேனை நிறுத்திப் படம் எடுப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. மூங்கில் கூடையும் பளிச்சென்ற சேலையும் விளம்பரத்தில்தான். உண்மையில் நெற்றியில் கயிறு, முதுகில் பை, இடுப்பில் கறுப்புப் பொலித்தீன் படங்கு, காலில் அட்டைக்காகத் தடவிய சவர்க்காரம். எடைபோடும்போது ஈரத்துக்கும் பைக்கும் என்று கிலோக் கணக்கில் கழிவு வெட்டுவார்கள். தராசுக்கு முன் நிற்கும் அக்காவின் கண் அந்த முள்ளைவிட்டு அகலாது. ‘படம் எடுக்கலாமா அக்கா?’ என்று கேட்டேன். ‘எடுங்க தம்பி, பேர் விழுந்த பொறகு எடுங்க’ என்றார். பேர் விழுவது என்றால் அன்றைய நாட்கூலிக்குத் தகுதியாவது. 2021இல் ஆயிரம் ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்த்த எத்தனை போராட்டம் நடந்தது என்று இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கடைசியில், நுவரெலியா

நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஒரு காலத்தில் சின்ன ரயிலும் ஓடியது. 1904இல் இராகலை வரை போன அந்தக் குறுகிய பாதையை 1940களில் மூடிவிட்டார்கள். இப்போது பஸ்தான்.

நகரத்தின் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1819இல் டாக்டர் ஜோன் டேவி வந்து பார்த்தார். ஆளுநர் பார்ன்ஸ் 1828இல் கட்டிய மாளிகைதான் பின்னாளில் கிராண்ட் ஹோட்டல். 1848இல் சாமுவேல் பேக்கர் ஆட்கள், மாடுகள், விதைகள், கலப்பைகள் சகிதம் குடியேறி ஓர் இங்கிலாந்துக் கிராமத்தையே நட முயன்றார். அவருடைய குதிரைவண்டி றம்பொடைக் கணவாயில் பள்ளத்தில் விழுந்து நொறுங்கிய கதையை அவரே எழுதியிருக்கிறார். நாம் சாக்குச் சாக்காக வாங்கிப்போகும் மரக்கறிகளுக்கு அன்று பிள்ளையார் சுழி போட்டது அவருடைய குடியேற்றம்தான். 1852இல் திரித்துவத் தேவாலயம், 1873இல் ஆளுநர் கிரகரி பெயரில் வாவி, 1875இல் குதிரைப் பந்தயம், 1876இல் ஹில் கிளப், 1889இல் கோல்ஃப் கழகம். ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு இன்றும் கழுத்துப்பட்டி கட்டவேண்டும். இல்லாதவருக்குக் கிளப்பே இரவல் தரும். ஹக்கலைப் பூங்கா 1861இல் சிங்கோனா மரத்துக்காக, அதாவது மலேரியா மருந்துக்காகத் தொடங்கியது. பக்கத்தில் சீதாஎலியவில் சீதையம்மன் கோயில். 2024 மே மாதக் கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியிலிருந்து சரயு நீர் வந்தது. இந்திய யாத்திரிகர் பஸ்கள் இப்போது அங்கே வரிசையில் நிற்கின்றன.

எனக்கு இந்த நகரத்தில் நின்று பார்க்கத் தோன்றுவது 1894இன் சிவப்புச் செங்கல் தபாற்கந்தோர். கோபுரக் கடிகாரமும் சரிவுக் கூரையுமாக அழகான கட்டடம். 2023இல் அதைச் சுற்றுலா ஹோட்டலாக்கும் பேச்சு எழுந்தபோது அஞ்சல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தார்கள். சரியாகவே செய்தார்கள். ஆனால் மூன்று நாள் லயங்களைப் பார்த்துவிட்டு வந்து அதன் முன் நின்றால் இன்னொன்றும் தெரியும். இந்த மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழர், அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்தார். பெரும்பாலான லயங்களுக்கு வீட்டிலக்கமும் இல்லை, வீதிப்பெயரும் இல்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குத் தோட்டத்தின் பெயர் ஒன்றே முகவரி. தபால் தோட்டக் கந்தோருக்குப் போகும், அங்கிருந்து யார் கையிலாவது வரும், வராமலும் போகும். நேர்முகத் தேர்வுக்கு வந்த கடிதம் தேர்வு முடிந்தபின் கையில் கிடைத்த பிள்ளைகளின் கதை எந்தத் தோட்டத்திலும் கேட்கக் கிடைக்கும். தனி வீடு, தனிக் காணி, தனி முகவரி என்று மலையகம் கேட்டுக்கொண்டிருப்பது வெறும் வசதிக்காக இல்லை. முத்திரை ஒட்டி அந்தச் சிவப்புக் கட்டடத்தில் போட்ட கடிதம் ஏழெட்டு மைல் தள்ளியிருக்கும் வாசலுக்கு நேராக வந்து சேரவேண்டும் என்பதற்காகவும்தான்.

இத்தனையும் பார்க்கச் சித்திரை வேண்டாம், மாசிக்கு வாருங்கள். மழை குறைவு, மலை தெளிவு, சிவனொளிபாதத்துக்கும் பருவம். எல்லாவற்றுக்கும் மேலாகக் காமன் கூத்து. மாசி வளர்பிறையில் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிப்பார்கள். பகலில் கொழுந்தெடுத்தவர்களும் கவ்வாத்து வெட்டியவர்களும் இரவில் ரதியாக, மதனாக, வீரபத்திரனாக, எமனாக வேடம் கட்டி விடிய விடிய ஆடுவார்கள். தப்பு அடி ஏற ஏறச் சனத்துக்குள்ளேயே சிலருக்கு உரு ஏறும். டிக்கட் கிடையாது, மேடை கிடையாது, கோயில் முற்றமோ லயத்துக்கு முன்னாலுள்ள வெட்டவெளியோ போதும். எந்தத் தோட்டத்தில் என்றைக்கு என்று எந்த இணையத்திலும் தேடவேண்டாம். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் தேத்தண்ணிக் கடையில் கேட்டால் சொல்வார்கள். தடித்த கம்பளி ஒன்று எடுத்து வாருங்கள், விடியற்காலைக் குளிர் அங்கே நுவரெலியாவுக்குச் சளைத்ததில்லை.